தாத்தா எந்தப் பட்டாளம்? – வாசகர் கேள்வி பதில்

பட்டாளத்தில் இருந்த முன்னோரின் ஊரையும் உறவையும் தேடுவது பற்றி வந்த கடிதங்களில் சில இங்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கியிருக்கிறோம்.

கொள்ளுத்தாத்தா முதல் உலகப்போரில் மெசபடோமியா (இன்றைய ஈராக்) போனவர் என்று வீட்டில் சொல்வார்கள். இரண்டு பதக்கங்கள்தான் மிச்சம். ஒன்று வெள்ளி, இன்னொன்று மஞ்சளாக இருக்கிறது. காகிதம் எதுவும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், குடியாத்தம்

பதக்கத்தின் விளிம்பிலிருந்து தொடங்குங்கள். முகப்பில் ராஜா தலை எல்லாருக்கும் ஒன்றுதான். ஒரு ரூபாய் நாணயத்தின் ஓரம்போல் இருக்கும் அந்தக் குறுகிய பட்டையில்தான் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொறிக்கப்பட்டிருக்கும். உங்களிடம் இருப்பது பிரிட்டிஷ் போர்ப் பதக்கமும் வெற்றிப் பதக்கமுமாக இருக்க வேண்டும். முதலாவது வெள்ளி, பின்பக்கம் குதிரைமேல் ஒரு மனிதன், 1914, 1918 என்ற ஆண்டுகள். இரண்டாவது வெண்கலம், முன்பக்கம் இறக்கை விரித்த ஒரு பெண் உருவம், நாடா வானவில் நிறம். போர்ப் பதக்கமே வெண்கலத்தில் இருந்தால் அவர் துப்பாக்கி பிடித்தவராக இல்லாமல், லேபர் கோர், போர்ட்டர் கோர் போன்ற, கூலி வேலைக்கும் சுமை தூக்கவும் ஆள் எடுத்த பிரிவுகளில் போனவராக இருக்கலாம். தேட வேண்டிய இடமே அப்போது மாறிவிடும்.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். ஏற்கெனவே தேய்ந்த எழுத்து ஒரே தேய்ப்பில் போய்விடும். இருட்டறையில் டார்ச்சை விளிம்புக்குச் சாய்வாகப் பிடித்து, பதக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலைந்து படம் எடுங்கள். அதிலும் தெரியாவிட்டால் மெல்லிய தாளைச் சுற்றி வைத்துப் பென்சிலை லேசாக உரசுங்கள்.

கிடைக்கும் எண்ணை மட்டும் வைத்து எதுவும் தேட முடியாது. அக்காலத்தில் ஒவ்வொரு ரெஜிமெண்ட்டும் தன் ஆட்களுக்குத் தானே எண் கொடுத்தது; அதே எண் இன்னும் பல ரெஜிமெண்ட்களில் இருக்கும். பிரிவின் பெயர்தான் சாவி. அந்தப் பெயரோ இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறியிருக்கிறது. 1903இல், கிச்சனர் இந்தியப் படைத் தளபதியாக இருந்த காலத்துச் சீரமைப்பில், மதராஸ் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60 கூட்டினார்கள். 13வது மதராஸ் 73வது கர்நாடிக் ஆனது, 26வது 86வது ஆனது. 1922இல் 73, 75, 79, 83, 86 ஆகியவை 3வது மதராஸ் ரெஜிமெண்ட்டின் பட்டாலியன்களாயின. சிக்கனம் என்று சொல்லி 1928வாக்கில் அந்த ரெஜிமெண்ட்டின் முழுநேரப் பட்டாலியன்களைக் கலைத்தார்கள். இரண்டாம் உலகப்போர் வந்ததும் 1941இல் மறுபடி மதராஸ் ரெஜிமெண்ட். 61, 64, 81 எண்கள் பயனியர் படைகள், அதாவது சாலை போடுவது போன்ற வேலைகளும் செய்த காலாட்படைகள். அவை 1933இல் கலைந்தன. '2 கியூ.வி.ஓ.எஸ். அண்ட் எம்.' என்றிருந்தால் பெங்களூரிலிருந்த மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை. வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் எங்களுக்கு அனுப்பும் படங்களில் இந்தப் பெயர்தான் அடிக்கடி வருகிறது.

ஜமேதார், சுபேதார் பதவி வரை உயர்ந்திருந்தால் அதிர்ஷ்டம். அச்சிட்ட இந்திய ஆர்மி லிஸ்ட்டில் ரெஜிமெண்ட் வாரியாக அவர்கள் பெயரும் பதவி பெற்ற தேதியும் இருக்கும். பழைய தொகுதிகள் சில ஆர்கைவ்.ஆர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிப்பாய், நாயக், ஹவில்தார் பெயர்கள் அதில் வராது.

எங்கள் பாட்டனார் 1944இல் பர்மாவில் இறந்தார். எந்த ஊரிலிருந்து சேர்ந்தார் என்பதே குடும்பத்தில் தெரியவில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை.
– வாசகி, ஓசூர்

வந்திருக்காது. முனுசாமி என்ற ஒரே பெயரை முனிசாமி, முனுசுவாமி, மூனிசாமி என்று ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதியவர் பெரும்பாலும் தமிழ் தெரியாத ரெஜிமெண்ட் குமாஸ்தா. பெயரைக் கடைசியில் வைத்துக்கொண்டு, விரிவான தேடலில் இப்படிச் செய்யுங்கள்.

பணியாற்றிய நாடு என்ற இடத்தில் இந்தியப் படை. போர் என்ற இடத்தில் இரண்டாவது. ரெஜிமெண்ட் தெரிந்தால் அதைப் போடுங்கள், தெரியாவிட்டால் காலியாக விடுங்கள். பெயர்க் கட்டத்தையும் காலியாக விடுங்கள். 'கூடுதல் தகவல்' என்றொரு கட்டம் இருக்கிறது. அதில் மாவட்டப் பெயரை அன்றைய எழுத்துக்கூட்டலில் இடுங்கள். இரண்டாம் போர்ப் பதிவுகள் பலவற்றில் 'இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இந்த ஊர், இந்த மாவட்டம்' என்று இருக்கும். பூர்வீகம் தேடுபவருக்கு அந்த ஒரு வரி போதும். வரும் பட்டியலைக் கோப்பாக இறக்கி, இறந்த ஆண்டு வாரியாக வரிசைப்படுத்தி, பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குத் தப்பும் எழுத்துக்கூட்டல் காதில் சிக்கிவிடும்.

மாவட்டம் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. உங்கள் ஓசூர் 1965 வரை சேலம் மாவட்டம். திருப்பத்தூர் 1911 வரை சேலம், பிறகு வட ஆற்காடு. இன்றைய மாவட்டப் பெயரைப் போட்டுத் தேடுவதால்தான் பாதிப் பேருக்கு 'முடிவுகள் இல்லை' என்று வருகிறது. தஞ்சாவூர், திருச்சி, திருநெல்வேலி, செங்கல்பட்டு எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரன் எழுதிய வடிவத்தையே போட வேண்டும்.

பர்மாவில் இறந்து, புதைத்த இடம் தெரியாதவர்கள் பெயர் ரங்கூனுக்கு வடக்கே தாக்கியான் கல்லறைத் தோட்டத்திலுள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 27,000 பெயர்கள். மணிப்பூர்ப் பக்கம் இறந்திருந்தால் இம்பாலில் இந்தியப் படைக்கென்று தனிக் கல்லறைத் தோட்டம் உண்டு. போர்முனையில்தான் இறந்திருக்க வேண்டும் என்பதில்லை. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இருந்தபோது மலேரியாவில் இறந்தவரும் இந்தப் பதிவில் உண்டு. முதல் போருக்கு இந்த வரம்பு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை.

முதல் போரில் மெசபடோமியாவில் இறந்தவர்களைத் தேடுபவர்களுக்கும் இதோடு ஒன்று. பாஸ்ரா நினைவுச் சின்னத்தின் பழைய பலகைகளில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் போட்டார்கள், சிப்பாய்களுக்கு ரெஜிமெண்ட் வாரியாகத் தலை எண்ணிக்கை மட்டும்தான். பலகையின் படத்தைப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று முடிவு கட்ட வேண்டாம், தளத்தில் தேடுங்கள். வேலூர் மணிக்கூண்டில் உள்ள கல்வெட்டும் அப்படித்தான்: இங்கிருந்து 277 பேர் போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் துறந்தார்கள் என்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை.

தாத்தா போரில் இறக்கவில்லை, 1946இல் வீடு திரும்பிவிட்டார். அவருடைய சர்வீஸ் ரெக்கார்டு லண்டனில் இருக்குமா?
– வாசகர்கள் பலர்

இருக்காது. இந்தக் கேள்விக்காக லண்டனில் ஆள் வைத்துப் பணம் செலவழித்தவர்கள் உண்டு. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் வெள்ளைக்கார அதிகாரிகளின் பணிக் கோப்புகள் இருக்கின்றன. இந்தியச் சிப்பாயின் தனிக்கோப்பு அந்தந்தப் படைப்பிரிவின் பதிவு அலுவலகத்தில் இங்கேயே இருந்தது. பஞ்சாபில் ஊர்வாரியாகப் போட்ட முதல் போர்ப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடைத்து, 3,20,000 பேரின் விவரம் வெளிவந்திருக்கிறது. அதே தளத்தில் சென்னை மாகாணத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எந்த அலுவலகம் என்பது அவர் இருந்த பிரிவைப் பொறுத்தது. மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மதராஸ் சாப்பர்ஸ், பயனியர் கோர், மிலிட்டரி போலீஸ் மூன்றுக்கும் பெங்களூர். பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஆயுதக் கிடங்குப் பிரிவான ஆர்டினன்ஸுக்கும் எந்திரப் பழுதுபார்ப்புப் பிரிவான ஈ.எம்.இ.க்கும் செகந்திராபாத், மருத்துவப் படைக்கு லக்னோ. லாரி ஓட்டினார், ரேஷன் ஏற்றினார் என்று வீட்டில் சொன்னால் அது ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், இன்றைய ஏ.எஸ்.சி. பதிவகத்தைப் பெங்களூரில் கேளுங்கள்.

கடிதம் எழுதினால் பதில் வருவது அவர்கள் மனசைப் பொறுத்தது. தகவல் உரிமைச் சட்டப்படி மனுப்போட்டால் 30 நாளில் ஏதாவது ஒரு பதில் வந்தாக வேண்டும். கட்டணம் 10 ரூபாய். மத்திய அரசின் தகவல் உரிமை இணையதளத்திலேயே ராணுவத்துக்கு மனுச் செய்யலாம். இந்தியக் குடிமக்கள் மட்டுமே செய்ய முடியும் என்பதால் மலேசியா, சிங்கப்பூர் வாசகர்கள் இங்குள்ள உறவினர் பெயரில் போடச் சொல்லுங்கள்.

மனுவில் 'தாத்தாவைப் பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும்' என்று எழுதுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அதற்கு ஒரே பதில்: ஓய்வூதியம் பெறாதவரின் ஆவணங்கள் 25 ஆண்டு முடிந்து விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன. பதில் பொய்யில்லை. போர் முடிந்ததும் பென்ஷன் இல்லாமல் அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களின் கோப்பு அப்படித்தான் போனது. ஆனால் 'லாங் ரோல்' என்ற பெரிய பேரேடு அழிக்கப்படுவதில்லை. எண், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம் என ஓர் ஆளுக்கு ஒரு வரி. மனுவில் அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: 'மேற்படி எண்ணுள்ளவரின் லாங் ரோல் பதிவின் நகல், ஷீட் ரோல் (தனி ஆளின் பணிப் பதிவுத் தாள்) இருப்பின் அதன் நகல், சேர்ந்தபோது பதிவான தந்தை பெயர், கிராமம், தாலுகா, மாவட்டம்.' மூன்றே வரி போதும். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணையுங்கள். 'மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரம்' என்று மறுத்தால் மேல்முறையீட்டில் சட்டத்தின் 8(3) பிரிவைச் சுட்டுங்கள். 20 ஆண்டுக்கு முந்தைய விஷயத்துக்கு அந்தக் காரணம் செல்லாது.

எண்ணே தெரியாதவர்கள் முதலில் வீட்டுப் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் உத்தரவு, மணியார்டர் ரசீதின் கிழிசல் எதிலும் எண் இருக்கலாம். அடுத்தது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் தமிழக அரசு மாத உதவித்தொகை கொடுத்தது. பாட்டி அதை வாங்கியிருந்தால், விண்ணப்பத்தோடு டிஸ்சார்ஜ் புக்கின் நகலையும் கொடுத்திருப்பார். அந்தக் கோப்பைக் கேளுங்கள். வெலிங்டனுக்கு எழுதுமுன் இதைச் செய்வதே நல்லது.

புகைப்படம் இருந்தால் தொப்பியையும் தோள்பட்டையையும் பெரிதாக்கிப் பாருங்கள். யானைச் சின்னம் மதராஸ் ரெஜிமெண்ட்டுக்கு. அசாயே போருக்காகக் கிடைத்தது. விளிம்பில்லாத உயரமான தொப்பி மதராஸ் சாப்பர்ஸுக்கே உரியது.

டிஸ்சார்ஜ் புக்கில் தாத்தாவின் அப்பா பிறந்த ஊர் 'செகந்திராபாத்' என்று இருக்கிறது. நாங்கள் தெலுங்கர்களா?
– வாசகர், திருவண்ணாமலை

அவசரப்பட வேண்டாம். பழைய மதராஸ் ஆர்மியில் சிப்பாயின் பெண்டாட்டி பிள்ளைகள் பட்டாளத்தோடே ஊர் ஊராகப் போய் லைன் வீடுகளில் குடியிருந்தார்கள். மற்ற மாகாணப் படைகளில் இந்த வழக்கம் இவ்வளவு இல்லை. அங்கே பிறந்த பையன்கள் பலர் வளர்ந்ததும் அதே ரெஜிமெண்ட்டில் சேர்ந்தார்கள். ஆகவே 'பிறந்த ஊர்' செகந்திராபாத், பெல்லாரி, பெங்களூர், பரங்கிமலை, ரங்கூன், மோல்மேன் என்று ஏதாவதொரு கண்டோன்மெண்ட்டாக இருந்தால் அது பூர்வீகம் இல்லை. அந்த வருடம் அப்பாவின் பட்டாளம் முகாமிட்டிருந்த இடம். அந்த ஆண்டில் செகந்திராபாத்தில் எந்த மதராஸ் ரெஜிமெண்ட்கள் இருந்தன என்று ஆர்மி லிஸ்ட்டில் பார்த்தால் இரண்டு மூன்று பெயர் கிடைக்கும். அதில் ஒன்றுதான் கொள்ளுத்தாத்தாவுடையது. இப்படி ஒரு தலைமுறை பின்னால் போகலாம்.

'வகுப்பு' என்ற கட்டத்தையும் அப்படியே நம்பாதீர்கள். இன்ன சாதியாரைத்தான் எடுப்போம் என்று ஆள்சேர்ப்பவர்கள் ஆண்டுக்கொரு விதி போட்ட காலம் அது. வேலை வேண்டியவர் அதற்கேற்பச் சொல்லிச் சேர்ந்தார். 'தமிழ்', 'மதராஸி கிறிஸ்தவர்' போன்ற பொத்தாம்பொதுச் சொற்களும் வரும். வயதும் அப்படித்தான், பதினாறு வயதுப் பையன் பதினெட்டு என்று சொல்லியிருப்பான், பதிவில் பதினெட்டுதான் இருக்கும். தந்தை பெயர், கிராமம், ரெஜிமெண்ட் மூன்றும் பொருந்தினால் மட்டுமே 'இவர்தான்' என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பொருந்தினால் பென்சிலில் எழுதுங்கள்.

கிராமப் பெயர் கிடைத்தும் அது எங்கே என்று தெரியாவிட்டால் 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளில் தாலுகாவாரியான கிராமப் பட்டியலைப் பாருங்கள். மாவட்டங்கள் அதிகம் பிரிவதற்கு முந்தைய பட்டியல் என்பதால் உதவும். அங்கிருந்து தாலுகா அலுவலகம், பழைய செட்டில்மெண்ட் பதிவேடு, அ பதிவேடு என்று வழக்கமான நிலத் தேடல்தான்.

மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து நேதாஜி படைக்குப் போன தாத்தாவின் ரெஜிமெண்ட் எண்ணை எங்கே பெறலாம்?
– வாசகி, சிவகங்கை

தோட்டத்திலிருந்து நேரே ஐ.என்.ஏ.வில் (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்தவருக்கு பிரிட்டிஷ் இந்திய ராணுவ எண் கிடையாது. மலாயாப் போரிலும், 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தபோதும் கைதாகி அதில் சேர்ந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மட்டுமே பழைய எண் இருந்தது. முதலில் இவர் இரண்டில் எந்த வகை என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சிவிலியன் என்றால் வெலிங்டனுக்கு எழுதிப் பயனில்லை.

தேட வேண்டியது டெல்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில். பாதுகாப்பு அமைச்சகம் 1997இல் ஐ.என்.ஏ. தொடர்பான 990 கோப்புகளை அங்கே ஒப்படைத்தது. அபிலேக் படல் என்ற அதன் இணையதளத்தில் கோப்புத் தலைப்புகளைத் தேடலாம். தலைப்பில் உங்கள் தாத்தா பெயர் வராது. முகாம், படைப்பிரிவு, விசாரணை என்ற சொற்களில் தேடிக் கோப்பைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை.

இதைவிடக் குறுக்கு வழி தியாகி பென்ஷன். 1972இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்துக்கு விண்ணப்பித்தவர்கள் சிறையில் இருந்ததற்கான சான்றோ, உடன் சிறையிருந்தவரின் சான்றோ கொடுக்க வேண்டியிருந்தது. மாநில அரசுக்கும் தனியாக விண்ணப்பித்தார்கள். ஆகவே கலெக்டர் அலுவலகத்தில் அந்தக் கோப்பு இருந்தால் பிறந்த ஊர், தோட்டத்தின் பெயர், முகாம், தோழர்கள் பெயர் எல்லாம் அவர் வாய்மொழியாகவே கிடைக்கும். மனு நிராகரிக்கப்பட்டிருந்தாலும் கேளுங்கள். அந்தக் கோப்பில் விவரம் கூடுதலாகவே இருக்கும்.

இன்னொன்று. சயாம்–பர்மா ரயில்பாதைக்கு ஜப்பானியர் கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்களையும் சில குடும்பங்கள் 'பட்டாளத்துக்குப் போனார்' என்றே சொல்கின்றன. அவர்கள் படைவீரர்கள் அல்லர். எந்தப் படைப்பதிவிலும், போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலிலும் அவர்கள் இல்லை.

எங்கள் குடும்பம் ஆங்கிலோ இந்தியர். முதல் முன்னோர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் வந்த ஐரிஷ்காரர் என்பது மட்டும் தெரியும். அவர் அயர்லாந்தில் எந்த ஊர்?
– வாசகர், பெரம்பூர்

இந்தப் பக்கத்தில் வந்த கேள்விகளிலேயே விடை கிடைக்கும் வாய்ப்பு அதிகமுள்ளது இதுதான். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு ஆவணம் அவ்வளவு இருக்கிறது.

திருமணப் பதிவிலிருந்து தொடங்குங்கள். சென்னை மாகாண தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசை அது. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் கட்டணத்துக்குப் பார்க்கலாம். ஃபிபிஸ் என்ற குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் தேடல் இலவசம். திருமணப் பதிவில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் பதவியும் ரெஜிமெண்ட்டும் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, எந்தப் படை என்பதைப் பொறுத்துத் தேடலை இரண்டு வழியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

'மதராஸ் யூரோப்பியன்', 'மதராஸ் ஃபியூசிலியர்ஸ்' என்றால் கம்பெனிப் படை. எல்/எம்ஐஎல்/9 வரிசையில் கப்பல் ஏறியவர்களின் பட்டியலும், எல்/எம்ஐஎல்/11 வரிசையில் மதராஸ் படையின் ஆண்டுப் பெயர்ப் பட்டியல்களும் உள்ளன. வந்த கப்பல், ஆண்டு, சொந்த ஊர், பழைய தொழில் போன்றவற்றை இவற்றில் தேடலாம். '69வது ஃபுட்' (காலாட்படை) போல எண்ணுள்ள படை என்றால் அது கம்பெனியுடையது அல்ல, பிரிட்டிஷ் அரசின் ராணுவம். லண்டன் கியூவில் உள்ள தேசியக் காப்பகத்தின் டபிள்யூஓ 97 வரிசையில் ஓய்வு பெற்றவர்களின் தாள்கள் 1760 முதல் 1913 வரை இருக்கின்றன. பிறந்த பாரிஷ் (தேவாலய வட்டாரம்), வயது, உயரம், கண் நிறம்கூட இருக்கும். பணியில் இருக்கும்போதே இறந்தவருக்கு அந்தத் தாள் கிடையாது.

குழப்பம் வரும் இடம் 1858 முதல் 1862 வரை. கம்பெனி போய் ராணி வந்ததும் மதராஸ் ஃபியூசிலியர்ஸ் 102வது ஃபுட் ஆனது, 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் பட்டாலியன் ஆனது. ஒரே ஆளின் முதல் பாதி பிரிட்டிஷ் நூலகத்திலும் மறுபாதி கியூவிலும் இருக்கும். ஒரு பக்கம் திடீரென்று பெயர் மறைந்தால் இறந்துவிட்டார் என்று எழுதிவிடாமல் மறுபக்கம் பாருங்கள்.

தாய்வழியைத் தேடுவது கடினம். ஞானஸ்நானப் பதிவில் தாயின் பெயர் இல்லாமலோ, ஞானஸ்நானத்தில் வைத்த ஐரோப்பியப் பெயர் மட்டுமோ இருக்கும். சிப்பாயின் உயில் இருந்தால் அதில் பெயரோடு வர வாய்ப்புண்டு.

1806 வேலூர்ப் புரட்சியில் எங்கள் முன்னோர் இருந்தார் என்கிறார்கள். பெயர்ப் பட்டியல் உண்டா?
– வாசகர், ஆரணி

முழுப் பட்டியலை எதிர்பார்க்காதீர்கள். விசாரிக்கப்பட்டவர்கள், தண்டனை பெற்றவர்கள், சாட்சி சொன்னவர்கள் பெயர்கள்தான் ஆவணங்களில் வருகின்றன. எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்த ஆண்டின் ராணுவத் துறை ஆலோசனைத் தொகுதிகளையும், 'சீக்ரெட் சன்ட்ரீஸ்' வரிசையில் வேலூர் தொடர்பான தொகுதிகளையும் கேளுங்கள். அன்று கோட்டையில் இருந்த சுதேசிப் பட்டாலியன்கள் மூன்று: 1வது ரெஜிமெண்ட்டின் இரண்டு பட்டாலியன்கள், 23வது ரெஜிமெண்ட்டின் இரண்டாம் பட்டாலியன். உங்கள் குடும்பத்தில் சொல்லப்படும் பட்டாளம் இந்த மூன்றில் இல்லையென்றால் காப்பகத்துக்குப் போகும் செலவு மிச்சம்.